பழைய பெட்டிக்கு ஒரு சீடி டிரைவ்

வாசகர் கேள்வி – பதில்
பதில் எழுதுபவர்: கிளிநொச்சியில் ரேடியோ, கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவர்

இந்த முறை வந்த கடிதங்களில் பழைய கொம்பியூட்டர் பற்றியவை கூடிப்போயின. ஒன்றுக்குச் சொல்லும் பதிலில் மற்றதற்கும் பாதிப் பதில் கிடக்கிறது. ஆகையால் போன் கேள்விகளையும் சோலர் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்கவேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு பழைய பென்டியம் இருக்கிறது. விண்டோஸ் 98. சண்டைக் காலத்தில் வவுனியாவில் மாமி வீட்டில் நின்றபடியால் தப்பியது, இன்றும் வேலை செய்கிறது. ஆனால் பிளொப்பி மட்டும்தான். சீடி போடவேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்ரிக் மூடி. மகன் ஒரு டிவிடி றைட்டர் வாங்கி வந்தான். பெட்டிக்குள் இருக்கும் ஒரு வயரும் அதற்குப் பொருந்தவில்லை. கடைக்காரர் பிழையான சாமானைத் தந்துவிட்டாரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், முழங்காவில்

பதில்: கடைக்காரரில் பிழையில்லை, ஐயா. மகன் வாங்கி வந்தது சாட்டா என்ற பிற்கால இணைப்பு முறை டிரைவ். அதன் பின்பக்கத்தில் எல் எழுத்தாக வளைந்த இரண்டு ஒடுங்கிய வாய்கள் இருக்கும். உங்கள் மதர்போட்டுக்கு, அதாவது பெட்டியின் பிரதான பலகைக்குத் தெரிந்ததெல்லாம் ஐடிஇ என்ற பழைய முறை. அது இரண்டு வரிசை ஊசிகள், 40 ஊசிக்கான இடம், பெரும்பாலும் நடுவில் ஒன்று இல்லாமல் 39. அதில் குத்துவது அகலமான சாம்பல் நிறப் பட்டிக் கேபிள். ஹாட்டிஸ்க்கில் இருப்பதும் அதுதான், திறந்து பார்த்தால் விளங்கும்.

சாட்டாவை ஐடிஇ ஆக மாற்றித் தரும் சின்னப் போட் ஒன்று விற்கிறார்கள். சில பெட்டிகளில் ஒழுங்காக வேலை செய்யும், சிலதில் ஒரு நாள் தெரியும், மறுநாள் தெரியாது. அந்தக் காசை அதில் போடவேண்டாம் என்பதுதான் என் எண்ணம். எங்கள் பக்கத்தில் பென்டியம் 4 பெட்டிகள் மூலைக்கு மூலை கிடக்கின்றன. மதர்போட் போயிருக்கும், சீடி டிரைவ் நல்லபடி இருக்கும். பின்னால் ஊசி வரிசை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள், தேத்தண்ணிக் காசுக்கே தருவார்கள். டிவிடி டிரைவ் கிடைத்தாலும் எடுக்கலாம், அது சீடியையும் வாசிக்கும். ஆனால் டிவிடிப் படம் ஓடும் என்று மகன் காத்திருக்கக்கூடாது. அந்தப் பலம் முதல் தலைமுறைப் பென்டியத்துக்கு இல்லை. வாங்கிய றைட்டரை எறியவேண்டாம். அடுத்த கேள்வியைப் படியுங்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

சரி, பெட்டியைத் திறக்க முன் ஒன்று. முன்பக்கச் சுவிச்சை அழுத்தினால் உள்ளே போய் அப்படியே நிற்கிறதா, அல்லது விரலை எடுத்ததும் திரும்பி வருகிறதா? நின்றால் அது ஏடி வகைப் பவர் சப்ளை. 230 வோல்ட் மெயின் கரண்ட் தடித்த வயரில் நேரே அந்தச் சுவிச்சுக்கு வருகிறது. நீங்கள் டிரைவ் பூட்டப்போகும் குழியிலிருந்து அது ஒரு சாண் தூரத்தில் இருக்கும். சுவிச்சை நிற்பாட்டினால் போதாது. சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி, கண்ணுக்குத் தெரிய மேசையில் வைத்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது நல்லெண்ணத்தோடு திரும்பக் குத்திவிடுவார்கள்.

அடுத்தது துப்புரவு. வன்னிப் பெட்டியைத் திறந்தால் முதலில் தெரிவது செம்புழுதி. பவர் சப்ளையின் காற்று வாய்க்குள் பல்லி முட்டை, மதர்போட் ஓரத்தில் எறும்பு காவிக்கொண்டு வந்த மண். பொறுமையாகக் காய்ந்த பெயின்ற் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், ஈரத்துணி வேண்டாம். முக்கியமாக மதர்போட்டில் இரண்டாவது ஐடிஇ சொக்கற்றைப் பாருங்கள். இத்தனை வருடமும் அதில் ஒன்றும் குத்தாததால் ஊசிகளுக்கு நடுவே புழுதி இறுகிப்போய் இருக்கும். நாங்கள் பாவிக்கப்போவது அதைத்தான். பல்லி எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் சுரண்டாமல், ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட காதுக் குச்சியால் ஊற வைத்துத் துடையுங்கள். ஊசி வளைந்தால் மெல்லிய குறட்டால் நிமிர்த்தலாம், முறிந்தால் கதை முடிந்தது.

பிளாஸ்ரிக் மூடியை உள்ளேயிருந்து தள்ளினால் கழன்றுவிடும். அதற்குப் பின்னால் ஒரு தகரத் தகடு இருக்கும், சில புள்ளிகளில் மட்டும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு. முன்னும் பின்னும் ஆட்டினால் முறிந்து வரும். முறிந்த விளிம்பு பிளேட் மாதிரி வெட்டும், துணியைச் சுற்றிப் பிடியுங்கள்.

டிரைவை உள்ளே தள்ள முன் அதன் முதுகைப் பாருங்கள். மூன்று சோடி ஊசிகள், அதில் ஒரு சோடியின் மேல் அரிசி அளவில் ஒரு பிளாஸ்ரிக் தொப்பி. இதுதான் ஜம்பர். தகட்டில் எம்ஏ, எஸ்எல், சிஎஸ் என்று பொறித்திருக்கும்: மாஸ்டர், ஸ்லேவ், கேபிள் செலக்ட். ஒரு ஐடிஇ கேபிளில் இரண்டு சாமான் தொங்கலாம், ஆனால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ் என்று இருக்கவேண்டும். இரண்டையும் மாஸ்டர் ஆக்கினால் சில வேளை ஹாட்டிஸ்க்கும் சேர்ந்து காணாமல் போகும். பிறகு நீங்கள் பயந்துபோய்க் கடைக்கு ஓடி வருவீர்கள்.

உங்கள் பெட்டிக்கு நல்ல வழி இதுதான்: ஹாட்டிஸ்க் முதலாவது சொக்கற்றில் இருந்தபடியே இருக்கட்டும். சீடி டிரைவை மாஸ்டர் ஆக்கி, தனிக் கேபிளில், இரண்டாவது சொக்கற்றில் குத்துங்கள். ஒரே கேபிளில் இருக்கும் இரண்டு சாமானோடும் ஒரே நேரத்தில் பேச முடியாது. சீடியிலிருந்து ஹாட்டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கும்போது ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு நிற்கும். இரண்டாவது கேபிள் கிடைக்காவிட்டால் மட்டும் ஹாட்டிஸ்க்கோடு சேர்த்து ஸ்லேவ் ஆகப் போடலாம். அப்போது ஹாட்டிஸ்க் வெஸ்டர்ன் டிஜிட்டல் என்றால் அதன் ஜம்பரையும் பாருங்கள். அவர்களின் பழைய டிஸ்க்குகளில் தனியாக இருப்பதற்கு ஓர் இடம், ஸ்லேவோடு இருக்கும் மாஸ்டருக்கு வேறோர் இடம். மாற்றாமல் விட்டால் சீடி டிரைவில் பழுது என்று நினைத்து மினைக்கெடுவீர்கள்.

கேபிளின் ஓர் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும். அது முதலாம் ஊசியின் பக்கம். டிரைவில் பெரும்பாலும் பவர் சொக்கற் இருக்கும் பக்கமாக அது வரும். மதர்போட்டில் சொக்கற்றின் ஒரு மூலையில் ஒன்று என்று எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தில் சிவப்பு வரவேண்டும். மறுபக்கமாகக் குத்திவிட்டால் பெட்டி மௌனமாக நிற்கும், டிரைவின் விளக்கு அணையாமல் எரியும். நிற்பாட்டித் திருப்பிக் குத்தினால் பெரும்பாலும் சரிவரும். சில பழைய போட்டில் 40 ஊசியும் முழுதாக இருக்கும். நடு ஓட்டை அடைத்த பிற்காலக் கேபிள் அதில் இறங்காது. பலவந்தம் வேண்டாம், பழைய கேபிள் தேடுங்கள். நீளம் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

பவருக்கு நாலு வயர் வெள்ளை பிளக்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. பிளக்கின் இரண்டு மூலை சரிவாக வெட்டியிருக்கும், அதைப் பார்த்துக் குத்துங்கள்.

ஸ்குரூ விஷயத்தில் நிறையப் பேர் டிரைவைக் கெடுக்கிறார்கள். ஹாட்டிஸ்க் ஸ்குரூவின் புரி பருமன். சீடி டிரைவுக்கு வேண்டியது 3 மில்லிமீற்றர் ஸ்குரூ, புரி நெருக்கமாக இருக்கும். பிளொப்பி டிரைவிலும் அதே ஸ்குரூதான். உங்கள் பிளொப்பி நாலு ஸ்குரூவில் நின்றால் இரண்டை அங்கிருந்து இரவல் எடுங்கள். 5 மில்லிமீற்றர் நீளம் போதும். நீளமானதைப் போட்டால் நுனி உள்ளே போய், சீடி வைக்கும் தட்டைத் தடுக்கும். முழுதாக இறுக்க முன் தட்டு தடையில்லாமல் வெளியே வருகிறதா பாருங்கள்.

டிரைவின் முதுகில் இன்னொரு சின்ன நாலு ஊசி வாய் இருக்கும். அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று சவுண்ட் காட்டுக்குப் போகவேண்டும். அது இல்லாவிட்டால் ஃபைல்கள் திறக்கும், ஆனால் பாட்டுச் சீடி போட்டால் நம்பர் மட்டும் ஓடும், சத்தம் வராது. டிரைவ் முழுதாக உள்ளே போன பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது. அதனால் பாதி தள்ளியிருக்கும்போதே குத்திவிடுங்கள்.

இனி பிளக்கைக் குத்தி, தொடங்கும்போதே டிலீட் விசையைத் தட்டி பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) போங்கள். செகண்டரி மாஸ்டர் என்ற இடத்தில் நன் (None) என்று இருந்தால் ஓட்டோ (Auto) என்று மாற்றிச் சேமியுங்கள். ஒவ்வொரு முறையும் நேரமும் திகதியும் பின்னுக்குப் போனால் மதர்போட்டின் பற்றரி செத்துவிட்டது, இந்த மாற்றமும் நிற்காது. சில்லறைக் காசு வடிவத்தில் இருந்தால் அது 2032 பற்றரி, மணிக்கூடு திருத்துபவரிடமும் கிடைக்கும். விண்டோஸ் 98 தானாகவே டிரைவைக் கண்டுபிடித்து ஓர் எழுத்துக் கொடுத்துவிடும், டிரைவர் என்ற இயக்கு மென்பொருள் தேடி அலையவேண்டியதில்லை.

விண்டோஸ் இல்லாமல் எழுத்துக் கட்டளையில் ஓடும் டொஸ்ஸில் மட்டும் தானாகத் தெரியாது. விண்டோஸ் 98 தானே செய்து தரும் ஸ்டார்ட்டப் பிளொப்பியில் அதற்கான டிரைவர் இருக்கிறது. அந்தப் பிளொப்பியில் தொடங்கி, சீடி ஆதரவோடு என்ற வரியைத் தெரிவு செய்யுங்கள். அப்போது அது நினைவகத்தில் தற்காலிகமாக ஒரு டிரைவை உண்டாக்கி அதற்கு ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே விண்டோஸில் டி ஆக இருந்த சீடி, அங்கே ஈ ஆக நிற்கும். சீடியைக் காணவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேர் ஓர் எழுத்துத் தள்ளிப் பார்த்திருந்தால் பஸ் காசு மிச்சம்.

கேள்வி: எங்கள் கலியாணம் 2004இல். வீடியோ எடுத்தவர் மூன்று சீடியாகத் தந்தார். இடம்பெயரும்போது அம்மா உடுப்புப் பொதிக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்தார். அயல்வீட்டுத் தம்பி தன் பழைய கொம்பியூட்டருக்கு டிரைவ் பூட்டிப் போட்டுப் பார்த்தார். இரண்டு ஓடுகின்றன. மூன்றாவது சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது. வேறு டிரைவ் மாற்றச் சொல்லவா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: டிரைவை மாற்றுவது இருக்கட்டும், தங்கச்சி. மூன்றாவதை இப்போதைக்கு வெளியே எடுத்து உறையில் போடுங்கள். முதலில் ஓடுகிற இரண்டையும் இன்றே பிரதி எடுங்கள். வாசிக்காத ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு, வாசிக்கிற இரண்டைக் கையில் வைத்திருப்பது புத்தியல்ல.

2002இல் ஏ9 பாதை திறந்து 2006இல் மூடும்வரை எங்கள் ஊர்களில் நடந்த கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி எல்லாம் இப்படிச் சீடியில்தான் இருக்கின்றன. மூலப் பிரதி வைத்திருந்த ஸ்டூடியோக்கள் சண்டையோடு போய்விட்டன. கடைக்கு வரும் சீடிகளைப் பார்க்கிறேன், பொலித்தீன் உறையோடு ஒட்டிப்போனவை, பூஞ்சணம் பிடித்தவை, பேனையால் எழுதிய பெயர் மட்டும் தெளிவாக இருப்பவை. இவை தொழிற்சாலையில் அச்சடித்தவை அல்ல, றைட்டரில் எழுதியவை. அடியில் பச்சையாகவோ நீலமாகவோ ஒரு சாயம் தெரியும். தகவல் அந்தச் சாயத்தில் இருக்கிறது, சாயம் காலத்தோடும் வெயிலோடும் மங்கும்.

மூன்றாவது சீடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றி மயிர் போல வெடிப்பு இருக்கிறதா? இருந்தால் எந்த வேக டிரைவிலும் போடவேண்டாம். 52 மடங்கு வேக டிரைவில் வெடித்த சீடி உள்ளேயே துண்டு துண்டாகப் போகலாம். வெடிப்பில்லை என்றால் ஊசிமுனை அளவில் வெளிச்சம் வருகிற இடங்கள் உண்டா பாருங்கள். அங்கே மேல்பக்கப் பூச்சு உரிந்திருக்கிறது. பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்திப் பிடிப்பார்கள், ஆனால் பெயர் எழுதும் மேல்பக்கம்தான் மெல்லியது. அடியில் விழுந்த கீறலுக்கும் தகவலுக்கும் நடுவில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் பிளாஸ்ரிக் தாங்கி நிற்கிறது. மேலே விழுந்த கீறல் நேரே தகவலில் விழுகிறது. அதனால் மேலே ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்கவே வேண்டாம், பூச்சும் சேர்ந்து வரும்.

வெறும் அழுக்கு என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி குழந்தைச் சவர்க்காரம் விட்டு, மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவலோடு சேர்ந்து ஓடும், டிரைவால் அதைச் சமாளிக்க முடியாது. பற்பசை தேய்க்கச் சொல்லுகிறவர்களிடம் கொடுக்கவேண்டாம்.

பிறகு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், பழைய பெட்டியில் அல்ல. சீடி மட்டும் வாசிக்கும் பழைய டிரைவ்கள் எழுதிய சீடிகளோடு தடுமாறும். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய வகை என்றால் இன்னும் மோசம், அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதே குறைவு. பிற்கால டிவிடி றைட்டர்கள் பல வேளைகளில் இவற்றை நன்றாக வாசிக்கும். முழங்காவில் ஐயாவின் மகன் வாங்கியது மாதிரி சாட்டா றைட்டர் பூட்டிய மேசைக் கொம்பியூட்டரோ, லப்டொப்பில் யுஎஸ்பியால் குத்தும் டிரைவோ போதும். ஒன்று வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும். எது வாசிக்கும் என்று போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

திறந்தால் எம்பெக்ஏவி (MPEGAV) என்ற ஃபோல்டருக்குள் .DAT என்று முடியும் பெரிய ஃபைல் இருக்கும். கலியாணம் அதற்குள்தான். அதை அப்படியே பிரதி எடுங்கள், விஎல்சி பிளேயரில் ஓடும். ஒரு பென் டிரைவிலும் இன்னொன்று வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடமும் இருக்கட்டும். இதெல்லாம் செய்தும் மூன்றாவது அசையவில்லை என்றால் உறையில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். எறியவேண்டாம்.

கேள்வி: இந்தக் காலத்திலும் சீடியா? வேறு வேலை இல்லையா உங்களுக்கு?
– வாசகர், வவுனியா

பதில்: இருக்கிறது. மேலே உள்ள கடிதத்தை வாசித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: கொழும்பில் இருக்கும் பெரியப்பா 486 கொம்பியூட்டர் ஒன்று தந்தார். சவுண்ட் காட்டிலேயே 40 ஊசிச் சொக்கற் இருக்கிறது. சீடி டிரைவை அதில் குத்தினேன். விளக்கு எரிகிறது, ஆனால் டிரைவர் எதைப் போட்டாலும் டிரைவ் இல்லை என்கிறது. விண்டோஸ் சீடியிலிருந்து நேரே தொடங்கவும் முடியவில்லை.
– உயர்தர மாணவன், மாங்குளம்

பதில்: தம்பி, ஊசி 40 என்றால் ஐடிஇ என்று இல்லை. 1990களின் தொடக்கத்தில் சீடி டிரைவுக்கு ஐடிஇ வழி பரவியிருக்கவில்லை. பனசொனிக், மிட்சுமி, சோனி ஒவ்வொன்றும் தன் சொந்த முறையை வைத்திருந்தன. சவுண்ட் பிளாஸ்டர் காட்டுகளில் இந்த மூன்றுக்கும் பக்கம் பக்கமாகச் சொக்கற் வைத்து விற்றார்கள். சோனியினது 34 ஊசி, பார்த்ததும் தெரியும். பனசொனிக்கும் மிட்சுமியும் 40. கண்ணுக்கு ஐடிஇ, வேலையில் வேறு. காட்டின் மேல் சொக்கற் பக்கத்தில் வெள்ளையால் என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது என்று வாசியுங்கள். ஐடிஇ என்று இல்லாவிட்டால் கேபிளைக் கழற்றி, ஹாட்டிஸ்க் குத்தியிருக்கும் ஐடிஇ காட்டிலேயே ஸ்லேவ் ஆகப் போடுங்கள். அந்தக் காலத்து டிரைவே கையில் இருந்தால் மட்டும் அதன் பெயருள்ள சொக்கற்றில் குத்தலாம். இரண்டு மடங்கு வேகம் என்றால் செக்கனுக்கு 300 கிலோபைற், பொறுமை வேண்டும்.

சீடியிலிருந்து நேரே தொடங்குவதை மறந்துவிடுங்கள். அதற்கான எல் டொரிட்டோ என்ற ஒழுங்குமுறை வந்ததே 1995இல்தான். அமெரிக்காவில் அந்தப் பெயருள்ள சாப்பாட்டுக் கடையில் இருந்து எழுதினார்கள் என்று ஒரு கதை உண்டு. உங்கள் 486-இன் பயோஸ் அதற்கு முந்தியது என்றால் சீடி ஒரு தொடக்க வழி என்பதே அதற்குத் தெரியாது. பிளொப்பியில் தொடங்கி, மேலே சொன்னபடி சீடி ஆதரவைத் தெரிவு செய்து, அங்கிருந்து செற்றப் ஓட்டுங்கள். பிளொப்பி விண்டோஸ் 98இனதாக இருக்கட்டும். 95-இன் பிளொப்பியில் சீடி டிரைவர் கிடையாது.

கேள்வி: பூட்டிய டிரைவ் வேலை செய்கிறது. ஆனால் தட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. உள்ளே சீடி மாட்டிக்கொண்டது.
– தையல் கடை வைத்திருப்பவர், மல்லாவி

பதில்: கரண்டை நிற்பாட்டுங்கள். டிரைவின் முகப்பில் குண்டூசித் தலை அளவில் ஓர் ஓட்டை இருக்கும். கடதாசிக் கிளிப்பை நிமிர்த்தி நேரே உள்ளே அழுத்தினால் தட்டு கொஞ்சம் வெளியே வரும், மிச்சத்தை விரலால் இழுக்கலாம். தையல் ஊசி வேண்டாம், முறிந்து உள்ளே நிற்கும்.

பழுது பெரும்பாலும் தட்டை ஓட்டும் றப்பர் பெல்ற்றில். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இழுபட்டு நின்று இறுகி, வழுக்கத் தொடங்கிவிடும். எங்கள் வெக்கைக்கு இன்னும் கெதியாக. மோட்டர் சுற்றும் சத்தம் கேட்டும் தட்டு வராவிட்டால் அதுதான். பெல்ற்றைக் கழற்றிச் சுடுதண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்துப் பூட்டினால் கொஞ்சக் காலம் ஓடும். நிரந்தரத்துக்குப் புதிது வேண்டும். பழைய கசற் ரேடியோக்களின் பெல்ற்றில் அளவு பார்த்தால் ஒன்று அகப்படும். சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடையில் பற்றரிக்கு வழியில்லாமல் சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது, உடைந்த கசற் ரேடியோ இல்லாத வீடு குறைவு. வெட்டுமுகம் சதுரமாக இருக்கவேண்டும், பழையதைவிடச் சற்றே சிறிதாக. பணம் கட்டும் றப்பர் பாண்ட் போடவேண்டாம், ஒரு மாதத்தில் உருகிப் பல்சில்லெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பெல்ற்றைப் பூட்ட முன் அது ஓடும் சில்லை அற்ககோலால் துடையுங்கள், கைவிரல் எண்ணெய் பட்டாலும் திரும்ப வழுக்கும்.